கிளவுடில் ஓடும் வலைச் செயலிக்கு டிடாஸ் காவல்: ரிக்வெஸ்டை எந்த இடத்தில் மறுப்பது?

கேள்வி இதுதான்: "லோட் பேலன்ஸருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சுமை கூடினால் சர்வர்களைத் தானாகக் கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் போட்டிருக்கிறோம். கிளவுட் நிறுவனமே டிடாஸ் பாதுகாப்பு தருவதாகச் சொல்கிறது. இதற்கு மேல் நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?"

நிறையவே இருக்கிறது. டிடாஸ் என்பது பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் கொட்டித் தளத்தை முடக்கும் தாக்குதல். கிளவுட் நிறுவனம் இலவசமாகத் தரும் காவல், இணைய இணைப்பு என்ற குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. குழாய் வழியாக ஒழுங்கு மரியாதையோடு வந்து, டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) கைகுலுக்கலையும் முடித்து, "இந்தத் தேடலைச் செய்து கொடு" என்று கேட்கும் பாட்நெட்டை (தாக்குபவர் கைப்பற்றி வைத்திருக்கும் கணினிக் கூட்டத்தை) அது வாடிக்கையாளராகத்தான் பார்க்கும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் தரும் ஷீல்ட் ஸ்டாண்டர்டும் மைக்ரோசாஃப்டின் அஸூர் தன் எல்லா வாடிக்கையாளருக்கும் தரும் அடிப்படைக் காவலும் நெட்வொர்க் அடுக்கோடு நின்றுவிடுகின்றன.

அந்த நெட்வொர்க் அடுக்குத் தாக்குதல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே உங்கள் கையில் இருப்பது குறைவு. 2018 பிப்ரவரியில் கிட்ஹப் மேல் நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தது. இணையத்தில் திறந்து கிடந்த மெம்கேஷ்டு (தற்காலிகத் தரவுச் சேமிப்பு) சர்வர்களிடம் அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டு சின்னக் கேள்வியைக் கேட்டு, பல்லாயிரம் மடங்கு பெரிய பதிலை கிட்ஹப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2020-இல் ஏடபிள்யூஎஸ் 2.3 டெராபிட்டைப் பார்த்தது. 2025 மே மாதம் கிளவுட்ஃப்ளேர் தடுத்த 7.3 டெராபிட் தாக்குதல் மொத்தமே 45 நொடிதான், அதற்குள் 37.4 டெராபைட் வந்து கொட்டியது. எச்சரிக்கை மணி அடித்து ஒருவர் லேப்டாப்பைத் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும். இந்த அளவைத் தாங்க உலகம் முழுக்க முனைகள் வைத்து, பக்கங்களைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சிடிஎன் சேவை அல்லது கிளவுட் நிறுவனத்தின் சொந்த வலையமைப்பு வேண்டும். உங்கள் பங்கு ஒன்றுதான்: வலைக்கான 80, 443 போர்ட்கள் தவிர வேறு எதையும் ஏற்காத லோட் பேலன்ஸரையோ சிடிஎன்னையோ முன்னால் நிறுத்துவது. சர்வருக்கு நேரடியாகப் பொது ஐபி கொடுத்து வைத்திருந்தால், நிறுவனம் தன் வலையமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். உங்கள் சின்ன சர்வரின் வரம்புக்குள் டிராஃபிக்கை அடக்கித் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

மீதிப் பதில் முழுக்கச் செயலி அடுக்கைப் பற்றியது. அங்கே கணக்கு பேண்ட்வித்தில் இல்லை. ஒரு ரிக்வெஸ்டை அனுப்பத் தாக்குபவருக்கு எவ்வளவு செலவு, அதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு செலவு என்பதுதான் கணக்கு.

லாகின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் (திருப்பியெடுக்க முடியாத குறியீடாக) வைத்திருக்கிறீர்கள், அதன் கடினத்தைக் குறிக்கும் காஸ்ட் 12. ஒரு சரிபார்ப்புக்கு ஒரு சிபியு கோர் ஏறக்குறைய கால் நொடி உழைக்கும். வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்ட வேலை அது, குறையில்லை. நான்கு சர்வர், ஒவ்வொன்றிலும் இரண்டு கோர் என்றால் நொடிக்கு 32 லாகின்தான் உங்கள் உச்சம். நொடிக்கு 32 ரிக்வெஸ்ட் அனுப்ப பாட்நெட் தேவையே இல்லை, ஒரு பழைய லேப்டாப் போதும். பேண்ட்வித் வரைபடத்தில் ஒரு மேடுகூடத் தெரியாது. சிபியு மட்டும் 100-இல் போய் நிற்கும், தளம் செத்துக் கிடக்கும். தீர்வு, ஹாஷ் கணக்கிடுவதற்கு முன்னாலேயே எண்ணிக்கையைப் பார்ப்பது. ஒரு ஐபிக்கு இவ்வளவு, ஒரு பயனர் பெயருக்கு இவ்வளவு, மொத்த லாகினுக்கு இவ்வளவு என்று மூன்று தனித்தனி எண்ணிக்கைகள். கூடவே பாஸ்வேர்டின் நீளத்துக்கும் வரம்பு வையுங்கள். 2013-இல் பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவில் இந்த ஓட்டைதான் இருந்தது. பிபிகேடிஎஃப்2 என்ற ஹாஷ் முறையில் மிக நீளமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஒரே ரிக்வெஸ்ட் சர்வரை நெடுநேரம் பிடித்து வைத்துவிடும். 4096 பைட் வரம்பு போட்டு அடைத்தார்கள்.

இதே கண்ணோடு தளத்தின் மற்ற முகவரிகளையும் (யூஆர்எல்களையும்) பாருங்கள். இன்டெக்ஸ் உதவாத தேடல், ஐம்பதாயிரமாவது பக்கத்தைக் கேட்கும் பட்டியல், எக்ஸெல் ஏற்றுமதி, பிடிஎஃப் தயாரிப்பு, படத்தின் அளவை மாற்றித் தருவது, ஆழக் கட்டுப்பாடு இல்லாத கிராஃப்கியூஎல் கேள்வி, ஓடிபி அனுப்பும் பட்டன் (இதில் எஸ்எம்எஸ் செலவும் சேரும்). டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில் (திறந்து வைத்துப் பகிரும் இணைப்புகளின் தொகுப்பில்) 50 இடம், ஒரு தேடலுக்கு இரண்டு நொடி என்றால், நொடிக்கு 25 தேடல் வந்தாலே பூல் நிரம்பிவிடும். அதன் பிறகு முகப்புப் பக்கம்கூட வரிசையில் நிற்கும். ஆகவே கனமான வேலைக்குத் தனிப் பூல், அதில் ஐந்தாறு இடம் மட்டும். குவெரிக்கு மூன்று நொடி காலவரம்பு. காத்திருப்பு வரிசைக்கும் ஒரு எல்லை. அது நிறைந்தால் உடனே 503 ('இப்போது முடியாது' என்ற குறியீடு) அனுப்பி விடுங்கள். முப்பது நொடி காக்க வைத்து டைம்அவுட் கொடுப்பதைவிட உடனே மறுப்பது இருவருக்கும் நல்லது.

உரையில் வடிவங்களைத் தேடும் ரெகெக்ஸையும் விட்டுவிடக் கூடாது. 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் கீழே கிடந்ததற்கு எந்த எதிரியும் காரணமில்லை. ஒரு பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்று இடைவெளிகள் இருந்தன. அவற்றை வெட்ட எழுதிய ரெகெக்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. பயனர் தரும் உரையின் மேல் ஓடும் ரெகெக்ஸுக்குப் பின்வாங்காத எஞ்சினைப் பயன்படுத்துங்கள், அல்லது உரையின் நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். சிடிஎன் போட்டு, வாஃப் எனப்படும் வலைச் செயலி ஃபயர்வாலும் போட்டுவிட்டு, ஒரிஜின் சர்வரின் (சிடிஎன்னுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த சர்வரின்) ஐபியை ஊரறிய விட்டு வைப்பது. முன்கதவில் காவலாளி, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிறது. ஒரிஜின் ஐபியைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். சிடிஎன்னுக்கு மாறுவதற்கு முன் இருந்த டிஎன்எஸ் பதிவுகளைச் சேமித்து வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றன. வழங்கப்படும் டிஎல்எஸ் சான்றிதழ்களைப் பொதுவில் பதியும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மை லாகில் உங்கள் டெவ், ஸ்டேஜிங் துணை டொமைன்கள் எல்லாம் பெயரோடு வரிசையாகக் கிடக்கும். அவற்றில் ஒன்று சிடிஎன் இல்லாமல் நேராக அதே சர்வரைக் காட்டும். சர்வரே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினால், ஒரு கணக்கைத் தொடங்கி, வரும் மின்னஞ்சலின் ஹெடரைப் பார்த்தால் போதும். ஷோடான், சென்ஸிஸ் போன்றவை இணையம் முழுவதையும் தட்டிப் பார்த்து, எந்த ஐபி எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்று எழுதி வைக்கின்றன.

எனவே வரிசையாக: சிடிஎன் போட்ட பிறகு ஒரிஜின் ஐபியை மாற்றுங்கள், பழையதையே வைத்திருந்தால் மறைத்ததற்கு அர்த்தமில்லை. மின்னஞ்சலைத் தனிச் சேவை வழியாக அனுப்புங்கள். செக்யூரிட்டி குரூப்பில் (கிளவுட் சர்வரின் ஃபயர்வால் விதிகளில்) சிடிஎன்னின் ஐபி வரம்புகளை மட்டும் அனுமதியுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் சிடிஎன்னான கிளவுட்ஃபிரன்ட் என்றால் இதற்கென அந்நிறுவனமே பராமரிக்கும் பட்டியல் உண்டு. திரையில் அது ஒரே விதியாகத் தெரியும், ஆனால் செக்யூரிட்டி குரூப் கணக்கில் 55 விதிகளாக எண்ணப்படும். இயல்பான உச்ச வரம்பு 60 என்பதால், ஏற்கனவே ஏழெட்டு விதி இருக்கும் குரூப்பில் சேர்க்கப் போனால் பிழை வரும். ஏன் என்று தெரியாமல் பலர் முழிப்பது இங்கேதான். 80-க்கும் 443-க்கும் தனித்தனியாகச் சேர்த்தாலும் அதே கதி.

ஐபி வரம்போடு நிறுத்தினால் இன்னொரு சந்து இருக்கிறது. அதே சிடிஎன்னில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, உங்கள் ஒரிஜினைத் தன் ஒரிஜினாகக் குறிக்கலாம். அப்போது டிராஃபிக் அனுமதிக்கப்பட்ட ஐபியிலிருந்தே வரும், உங்கள் வாஃப் விதிகள் எதையும் தொடாமல். இதற்கு சிடிஎன் சேர்த்து அனுப்பும் ரகசிய ஹெடரை லோட் பேலன்ஸரிலேயே சரிபார்ப்பது, அல்லது இரு பக்கச் சான்றிதழ் சோதனை. இதைவிட மேலானது ஒரிஜினுக்குப் பொது ஐபியே இல்லாமல் செய்வது: கிளவுட்ஃப்ளேர் டனல், கிளவுட்ஃபிரன்ட்டின் விபிசி ஒரிஜின் போன்றவை இதற்குத்தான். சரியாகச் செய்தீர்களா என்று பார்ப்பது எளிது. வெளியிலிருக்கும் ஒரு கணினியிலிருந்து ஒரிஜின் ஐபிக்கு நேராக, ஹோஸ்ட் ஹெடரில் உங்கள் டொமைனைப் போட்டு ஒரு கர்ல் (கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) அடியுங்கள். பக்கம் வந்தால் ஓட்டை இருக்கிறது. 403 (அனுமதி மறுப்பு) வந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது, ஏனென்றால் பாக்கெட் உள்ளே வரை வந்துவிட்டது. கனெக்‌ஷனே கிடைக்காமல் டைம்அவுட் ஆக வேண்டும்.

அடுத்தது கேஷ், அதாவது சிடிஎன் சேமித்து வைத்துத் தரும் நகல். சிடிஎன் இருக்கிறது என்பதாலேயே எல்லாம் கேஷிலிருந்து போய்விடாது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தால், பல அமைப்புகளில் அது புதுப் பக்கமாக எண்ணப்பட்டு நேராக ஒரிஜினுக்குப் போகும். முகப்புப் பக்கத்தை வைத்தே ஒரிஜினை அடிக்கும் வழி இது. கேஷ் சாவியில் (எது ஒரே பக்கம் என்று முடிவு செய்யும் குறிப்பில்) உங்களுக்குத் தெரிந்த அளவுருக்களை மட்டும் சேருங்கள், மற்றதைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள். 404 பதிலையும் பத்து, முப்பது நொடி கேஷ் செய்யுங்கள். ஒரே பக்கம் காலாவதியான நொடியில் ஆயிரம் ரிக்வெஸ்ட் வந்தால் ஒன்றை மட்டும் ஒரிஜினுக்கு அனுப்பி மற்றதை நிறுத்தி வைக்கும் வசதி என்ஜின்எக்ஸ் வலை சர்வரிலும் பெரும்பாலான சிடிஎன்களிலும் உண்டு. என்ஜின்எக்ஸில் அது இயல்பாக அணைந்திருக்கும். பழைய நகலைக் கொடுத்துக்கொண்டே பின்னணியில் புதுப்பிக்கும் முறையையும் இயக்கி வையுங்கள். ஒரிஜின் விழுந்தாலும் லாகின் செய்யாதவருக்குத் தளம் நடந்துகொண்டிருக்கும். லாகின் செய்தவரின் பக்கத்தை மட்டும் தவறிக்கூட இந்தக் கேஷில் சேர்த்துவிடாதீர்கள். அது டிடாஸைவிடப் பெரிய தலைவலி.

ரேட் லிமிட் (இவ்வளவு நேரத்துக்கு இத்தனை ரிக்வெஸ்ட்தான் என்ற வரம்பு) பற்றி எல்லோரும் சொல்வார்கள். எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் விஷயம். இரண்டு வார லாகை (சர்வரின் பதிவேட்டை) எடுத்து, ஒரு ஐபியிலிருந்து ஒரு நிமிடத்தில் வந்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, ஆயிரத்தில் 999 பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைப்போல மூன்று, நான்கு மடங்கில் தொடங்கலாம். மொபைல் நிறுவனங்கள் ஒரு பொது ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவரை வைத்திருக்கின்றன. கல்லூரி, அலுவலகம் எல்லாம் அப்படியே. மிக இறுக்கினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். லாகின் செய்தவருக்கு ஐபியை விட்டுவிட்டு செஷனை வைத்து எண்ணுங்கள்.

என்ஜின்எக்ஸில் நொடிக்கு 10 என்று எழுதினால், 100 மில்லி நொடிக்கு ஒன்று என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் ஒரே மூச்சில் 30 கோப்பு கேட்பது இயல்பு. பர்ஸ்ட் அளவு (ஒரே மூச்சில் அனுமதிக்கும் கூடுதல் எண்ணிக்கை) கொடுக்காவிட்டால் நல்லவருக்கே 503 போகும். பர்ஸ்ட் 30, தாமதமில்லாமல் என்று சேர்த்து, மறுப்புக் குறியீட்டை 429 ('மிக அதிக ரிக்வெஸ்ட்') என மாற்றுங்கள். 10 எம்பி நினைவகம் ஒதுக்கினால் 64 பிட் கணினியில் ஏறத்தாழ 80,000 ஐபி முகவரிகளை நினைவில் வைக்கும். பெரிய பாட்நெட் வந்தால் பழையது அழிந்து புதியது ஏறும், எண்ணிக்கையே பொய்யாகும். ஐபிவி6-இல் இன்னொரு சிக்கல். ஒரு வீட்டு இணைப்புக்கே ஒரு முழு /64 தொகுதி, அதாவது கோடானுகோடி முகவரிகள், கிடைக்கும். ரிக்வெஸ்டுக்கு ஒரு முகவரி என்று மாற்றிக்கொண்டே போகலாம். /64 அளவில் எண்ணினால்தான் பயன்.

எந்த ஐபியை எண்ணுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். ரிக்வெஸ்ட் கடந்துவந்த ஐபிகளைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரின் இடது ஓரத்தில் இருப்பது வாடிக்கையாளரே எழுதியனுப்பக்கூடியது. அதை நம்பினால் தாக்குபவர் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் ஒரு கற்பனை ஐபியை எழுதுவார். இன்னும் விஷமமாக, உங்கள் கூட்டாளி நிறுவனத்தின் ஐபியை எழுதி அவர்களைத் தடை செய்ய வைப்பார். வலப்பக்கத்திலிருந்து, உங்களுக்குச் சொந்தமான ப்ராக்ஸிகளைத் தாண்டி வரும் முதல் முகவரிதான் நம்பத்தக்கது.

இத்தனை செய்தும் ஐபி வாரியான வரம்பு தோற்கும் இடம் ஒன்று உண்டு. 50,000 ஐபி, ஒவ்வொன்றும் பத்து நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட். எந்த ஐபியும் தனியாகக் குற்றவாளி இல்லை. கூட்டினால் நொடிக்கு 5,000. இதற்காகத்தான் கனமான முகவரிகளுக்கு ஐபி பாராத மொத்த வரம்பு வேண்டும் என்பது. வாஃபின் ரேட் விதி உடனே பாயாது என்பதையும் மனதில் வையுங்கள். ஏடபிள்யூஎஸ் வாஃபின் இயல்பான கணக்கிடும் காலம் ஐந்து நிமிடம் (ஒரு நிமிடம் வரை குறைக்கலாம்). வரம்பைத் தாண்டியதற்கும் தடை விழுவதற்கும் நடுவே சில பத்து நொடிகள் ஓடிவிடும். முதல் நிமிடத்தைச் செயலி தன் பலத்தில்தான் தாங்க வேண்டும்.

ஆட்டோ ஸ்கேலிங்கை இங்கே நம்புகிறவர்கள் அதிகம். உங்கள் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வரும் 20 டேட்டாபேஸ் கனெக்‌ஷன் வைத்திருக்கிறது என்றால் நான்கு சர்வருக்கு 80. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சம் 100. தாக்குதல் வருகிறது, ஸ்கேலிங் சர்வர்களை 12 ஆக்குகிறது, 240 கனெக்‌ஷன் கேட்கிறார்கள். இதுவரை மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த தளம் இப்போது டேட்டாபேஸ் மறுத்ததால் அடியோடு விழுகிறது. விழவைத்தது தாக்குதலைவிட ஸ்கேலிங்தான். நடுவில் டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்ஸர் மாதிரி ஒன்றை வையுங்கள். ஸ்கேலிங்குக்கு உச்சவரம்பு போடுங்கள், அந்த உச்சம் டேட்டாபேஸ் தாங்கும் அளவிலிருந்து கணக்கிட்டதாக இருக்கட்டும். சர்வரை நீங்கள் பராமரிக்காமல் ஃபங்ஷன்களை ஓட்டித் தரும் ஏடபிள்யூஎஸ் லாம்டா பயன்படுத்தினால் ஒரு கணக்குக்கு ஒரு பகுதியில் இயல்பாக 1000 இணை ஓட்டங்கள்; அதை எல்லா ஃபங்ஷன்களும் பங்குபோடும். பொதுவில் திறந்த ஒரு ஃபங்ஷனை அடித்தால் பணம் வாங்கும் ஃபங்ஷனும் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒதுக்கீடு கொடுங்கள்.

விழாமல் தாங்கினால் பில் வரும். 5 எம்பி கோப்பு ஒன்றை நொடிக்கு 1000 தடவை இறக்கினால் நொடிக்கு 5 ஜிபி, மணிக்கு 18 டெராபைட் வெளிச்செல்லும் டிராஃபிக். பட்ஜெட் எச்சரிக்கை இதைச் சரியான நேரத்தில் சொல்லாது, பில் தரவு பல மணி நேரம் தாமதமாகத்தான் புதுப்பிக்கப்படும். ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, வெளிச்செல்லும் பைட் இவற்றின் மேல் எச்சரிக்கை வையுங்கள். லாகையும் கணக்கில் எடுங்கள்: நொடிக்கு 5,000 ரிக்வெஸ்ட், வரிக்கு 500 பைட் என்றால் மணிக்கு 9 ஜிபி. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோவது டிடாஸின் பக்கவிளைவுகளில் ஒன்று.

லோட் பேலன்ஸர் சர்வரின் நலம் விசாரிக்கும் ஹெல்த் செக் பக்கம் டேட்டாபேஸைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், டேட்டாபேஸ் திணறும்போது நான்கு சர்வருமே "உடல்நலமில்லை" என்று ஒரே நேரத்தில் லோட் பேலன்ஸரிடம் சொல்லும். ஆட்டோ ஸ்கேலிங் அவற்றைக் கொன்று புதியவற்றைப் பிறப்பிக்கும். பிறந்தவை கேஷ் இல்லாமல் எழுந்து டேட்டாபேஸை இன்னும் அழுத்தும்.

மெதுவாக அடிக்கும் வகைக்கு ஸ்லோலோரிஸ் பழைய உதாரணம், 2009. ரிக்வெஸ்டின் ஹெடரைச் சொட்டுச் சொட்டாக அனுப்பிக் கனெக்‌ஷனைப் பிடித்து வைப்பது. அப்பாச்சியின் இயல்பான வொர்க்கர் எண்ணிக்கை 256 என்ற நிலையில், 256 சோம்பேறிக் கனெக்‌ஷன் போதும். சிடிஎன் முழு ஹெடரையும் வாங்கிய பிறகே அனுப்பும் என்பதால் அதன் பின்னால் இருந்தால் இது பெரிய கவலையில்லை. நேரடியாக நிற்கும் என்ஜின்எக்ஸில் ஹெடர், பாடி காலவரம்பை 60 நொடியிலிருந்து பத்துக்குக் குறையுங்கள். 2023-இல் வெளிவந்த ஹெச்டிடிபி/2 ரேபிட் ரீசெட் (சிவிஇ-2023-44487) வேறு மாதிரி. ஒரே இணைப்புக்குள் ஒரு ரிக்வெஸ்டுக்கான ஸ்ட்ரீமைத் திறந்து பதிலுக்குக் காத்திராமல் உடனே ரத்து செய்வது, மறுபடி திறப்பது. கூகுள் அதில் நொடிக்கு 39.8 கோடி ரிக்வெஸ்ட் வரை பார்த்தது. ஒட்டுப்போட்ட பதிப்புக்கு மாறியிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். கூபர்நெட்டீஸ் இன்கிரஸ் (கன்டெய்னர்களின் நுழைவாயில்) போன்ற மறந்துபோன மூலைகளையும் சேர்த்து.

தாக்குதல் நேரத்தில் முதல் வேலை லாகை ஐந்து விதமாக அடுக்கிப் பார்ப்பது: யூஆர்எல் முகவரி, மெத்தட், யூசர் ஏஜென்ட் (பிரவுசர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்), எந்த நெட்வொர்க் எண் (ஐபி எந்த நிறுவனத்தின் வலையமைப்பைச் சேர்ந்தது), டிஎல்எஸ் கைரேகை (இணைப்பைத் தொடங்கும் விதம் காட்டிக்கொடுக்கும் மென்பொருள் அடையாளம்). ஐபியை வைத்து ஒவ்வொன்றாகத் தடுப்பது கடலைக் கரண்டியால் இறைக்கும் கதை. யூசர் ஏஜென்ட் குரோம் என்று சொல்கிறது, கைரேகை பைத்தான் லைப்ரரியுடையது என்றால் அந்தச் சேர்க்கையே உங்கள் விதி. வீட்டுப் பயனரே வராத ஹோஸ்டிங் நெட்வொர்க்குகளிலிருந்து லாகின் வந்தால் சேலஞ்ச் (உண்மையான பிரவுசர்தானா என்று பார்க்கும் சோதனை) போடலாம். ஜாவாஸ்கிரிப்ட் சேலஞ்சை தளம் முழுக்கப் போடும்முன் யோசியுங்கள்: மொபைல் ஆப், பணப் பரிமாற்றச் சேவை தானாக அனுப்பும் வெப்ஹூக் செய்தி, தேடுபொறி பாட் எதுவும் அதைத் தாண்டாது. இவற்றுக்கான விலக்குகளைத் தாக்குதல் இல்லாத நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வருவதை யூசர் ஏஜென்ட்டை வைத்து நம்பாதீர்கள். தலைகீழ் டிஎன்எஸ் பார்த்து, வரும் பெயரைத் திரும்ப ஐபியாக மாற்றி, இரண்டும் பொருந்தினால்தான் அனுமதி.

புது விதியை முதலில் எண்ணும் முறையில் இரண்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு, நல்லவர் எத்தனை பேர் சிக்குகிறார்கள் என்று பார்த்த பிறகு தடுக்கும் முறைக்கு மாற்றுங்கள். எண்ணும் முறையும் முழுக்கப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேரை 27 நிமிடம் கவிழ்த்தது எண்ணும் முறையில் போட்ட ஒரு வாஃப் விதிதான். அதிலிருந்த ரெகெக்ஸ் எதையும் தடுக்கவில்லை, சிபியுவை மட்டும் தின்று தீர்த்தது.

அவசரத்தில் போட்ட ஒவ்வொரு விதிக்கும் பெயரிலேயே தேதி எழுதுங்கள், இரண்டு வாரத்தில் திரும்பப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கூட்டாளியின் வெப்ஹூக் ஏன் வருவதில்லை என்று தேடும்போது, அன்றைக்குத் தடுத்த நெட்வொர்க் எண்ணில்தான் அவர்களின் புது சர்வர் இருக்கும். இதையெல்லாம் ஒத்திகை பார்க்க சுமைச் சோதனை நடத்துவதாக இருந்தால், கிளவுட் நிறுவனத்தின் சோதனை விதிகளை முதலில் படியுங்கள். டிடாஸ் போன்ற சோதனைக்கு அனுமதி பெற்ற கூட்டாளிகள் வழியாக மட்டுமே செய்யச் சொல்வார்கள். சாதாரண சுமைச் சோதனையை லாகின், தேடல், ஏற்றுமதி மூன்றிலும் தனித்தனியாக ஓட்டி, எத்தனையாவது ரிக்வெஸ்டில் எது முதலில் முறிகிறது என்று குறித்து வைத்தால், மேலே சொன்ன வரம்புகளுக்கான எண் உங்களுக்குக் கிடைத்துவிடும்.